சுண்ணாம்பின் மேல் விழுந்த பழி

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன மறுநாள் நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மே இது, காரமே இல்ல. கொழந்தைக்கா வெச்ச?" என்று கேட்டாள். புதுப்பெண் என்கிற தாட்சண்யமெல்லாம் கிடையாது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் மிளகாயை அள்ளிப் போட்டு அரைத்தேன். வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் தண்ணீர்ச் செம்பைத் தேடி எழுந்து ஓடினார்கள். அவள் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடியும் சோறு போட்டுக்கொண்டு, "தோ, இப்பதான் கொயம்பு மாதிரி கீது" என்றாள். அன்றைக்கே சிநேகிதிகளாகிவிட்டோம். சண்டை போடாத நாள் இல்லை என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசி அப்போது. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் பக்கம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் எங்கள் ஊர். எங்களுக்குச் சொந்தக் கழனி இல்லை. அடுத்தவர் கழனியில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஓடிக்கொண்டிருந்த வீடு. ஓரகத்திதான் ஊர் நடவுப் பெண்களுக்குத் தலைவி. யார் கழனியில் நடவு என்றாலும் முந்தின நாள் சாயங்காலமே அவளிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். விடியற்காலை அவள் தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாற்று நடுகிற வேகத்தில் அவளுக்கு ஈடு கிடையாது. பேச்சு வேகத்திலும் அப்படித்தான்.

நடவுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் சேற்றில் கால் வைக்கும் முன் கழனிக்காரர் வரப்பில் ஒரு தாம்பாளம் கொண்டுவந்து வைப்பார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுவில் ஒரு கட்டு புகையிலை. தலைவி முதலில் எடுத்து வாயில் போட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் எடுக்கலாம், கழனியில் இறங்கலாம். அவள் போடவில்லை என்றால் அந்தக் கழனியில் நாற்று பிடிக்காது என்று ஒரு பேச்சு. தலைவிக்குப் புகையிலையில் பெரிய பங்கு, அது மரியாதை.

குனிந்தால் மத்தியானம்வரை நிமிர வழியில்லை. இரண்டு கையும் சேறு. நடுவில் வாய்க்கு ஒன்றும் கொண்டுபோக முடியாது. அதனால் வெற்றிலையை மென்று முடித்த கையோடு புகையிலையை ஒரு பெரிய உருண்டையாக உருட்டிக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அடக்கிக்கொள்வார்கள். கூழ் வருகிறவரை அது அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம் உண்டு. ஓரகத்திக்கு இடது கன்னம். முகத்தைப் பார்க்காமல் வீங்கின கன்னத்தை வைத்தே வரிசையில் யார் யார் என்று நான் சொல்லிவிடுவேன்.

நான் போடுவதில்லை. கொள்கை என்று நினைக்க வேண்டாம். முதல் நடவன்று ஒரு துணுக்கு அடக்கிக்கொண்டு தலை சுற்றிச் சேற்றில் குப்புற விழுந்தேன். மூக்கில், காதில், எல்லாம் சேறு. பெண்கள் சிரித்த சிரிப்பு அடுத்த ஊர்வரை கேட்டிருக்கும். அதோடு விட்டேன். அந்தக் காலை வேளைகளில் எனக்கு மட்டும்தான் பசித்தது. மற்றவர்கள் வெறும் வயிற்றோடு, பசியே தெரியாமல் நட்டுக்கொண்டு போனார்கள். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது.

அவளுக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது குழம்பினால்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கையை எடுத்துவிட்டு, "மொளகா கொஞ்சம் கொறச்சிப் போடும்மே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாக்கா, வயசாயிடுச்சா?" என்றேன். பதிலுக்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்போதுதான் பயந்தேன்.

மறுநாள் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கன்னத்துக்குள்ளே வெள்ளையாக ஒரு திட்டு, அரிசிமா தடவிக் காய்ந்துபோன மாதிரி. துணியால் துடைத்தேன், போகவில்லை. "தெரியும், தெரியும். சுண்ணாம்பு வெந்து கீது" என்றாள் அவள் அலட்சியமாக.

எங்கள் ஊரில் வாய்க்குள் எது வந்தாலும் பழி சுண்ணாம்பின் மேல்தான் விழும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் வாய் வெந்துபோவது எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் எரிந்தால் சுண்ணாம்பு, வெளுத்தால் சுண்ணாம்பு, புண்ணானாலும் சுண்ணாம்பு. வைத்தியமும் சுண்ணாம்புக்குத்தான். தேங்காயெண்ணெய் தடவினாள். கிளிஞ்சல் சுண்ணாம்பு காரம் என்று உத்திரமேரூர் சந்தையிலிருந்து வேறு சுண்ணாம்பு வாங்கிவரச் சொன்னாள். அதுவும் எரிந்தது. விற்றவனைச் சந்தையில் தேடிப்பிடித்து நடுத்தெருவில் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டாள். பாவம், அவன் என்ன செய்வான்.

கடைசியில் அவளாகவே ஒரு யோசனை செய்தாள். புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றினாள். "ஒரு போகம் தரிசா வுட்டா கயனி தேறிக்கும் இல்ல? அந்த மாதிரி" என்று எனக்கே பாடம் சொன்னாள். நடவுப் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு மூன்று பேர் அப்படி முன்னமே மாற்றியிருந்ததும் தெரியவந்தது. கழனி வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய மடத்தனம் அது. அடுத்த போகம் வருவதற்குள் வலது கன்னத்திலும் வெள்ளை ஏறிவிட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, சுண்ணாம்பு வாய் முச்சூடும்தானே போவுது? நாக்குல படுது, அண்ணத்துல படுது. அங்கெல்லாம் ஏன் வேகல? நீ பொகையில அடக்கற எடத்துல மட்டும் எப்டி வேகும்?" என்று கேட்டேன். பதில் இல்லாதபோது அவள் பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே எடுத்துத் திரும்பக் கழுவினாள். நான் விடவில்லை. "நாளிக்கி ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ வரலன்னா நான் உலை வெக்க மாட்டேன், அவ்ளோதான்" என்றேன். சொன்னால் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "காஞ்சிபுரம் போங்க, இன்னிக்கே போங்க" என்றார்கள். அந்த 'இன்னிக்கே' எனக்குப் பிடிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த டாக்டர் சிடுமூஞ்சி. ஆனால் ஒரு காரியம் செய்தார், அதற்காக அவரை இன்றுவரை மனதுக்குள் கும்பிடுகிறேன். டார்ச் அடித்துத் தான் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாமல், ஒரு கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தன் வாயின் உட்புறத்தை ஓரகத்தி வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தாள். தெருவெல்லாம் அதிர வைத்த வாய். அதற்குள் இப்படி இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவள் தரிசுக் கணக்கைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "கழனியச் சும்மா விட்டாத் தேறும்மா. நீங்க சும்மா விடலையே? பக்கத்துக் கழனியையும் சேத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். கன்னத்திலிருந்து ஒரு துணுக்கு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு தெரிந்துகொள்ள மறுபடியும் போகிறவரை நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஆண்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் உள்ளங்கை காய்ப்பு என் கையை அறுத்தது. அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னும் புத்துநோய் ஆகல. ஆனா அதுக்குப் போற வழியில நிக்கிது" என்றார் டாக்டர். புகையிலை கூடாது. கொஞ்சமாகப் போட்டுக்கொள்கிறேன் என்பதும் கூடாது. பாக்கும் கூடாது, அதுவும் கெடுதல்தான். பீடி, சாராயம் பக்கம் போகவே கூடாது. விட்டுவிட்டால் திட்டு மறையலாம், உறுதி சொல்ல முடியாது. ஆனால் சொன்ன தேதிக்கு வந்து வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஏதாவது புண் வந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால், தேதி பார்க்காமல் ஓடி வர வேண்டும். "வுடலன்னா?" என்று அவள் கேட்டாள். "வாயோட போகாதும்மா" என்றார் அவர்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே சுருக்குப் பையை அவிழ்த்தாள். புகையிலை, பாக்கு எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பஸ் பெருநகர் தாண்டுவதற்குள் முகம் வாடிவிட்டது. "வூட்ல வுட்டுடுவேன்மே. கயனியில எப்டி வுடறது? தாம்பாளத்த வெப்பாங்களே" என்றாள்.

உண்மையான சிக்கல் அதுதான். அவள் தனக்காகப் போட்டது கொஞ்சம், தலைவி என்பதற்காகப் போட்டதுதான் அதிகம். வீட்டில் நாலைந்து நாள் தலைவலி, எரிச்சல், கண்டதற்கெல்லாம் அழுகை என்று கடந்துவிட்டாள். பல்லுக்கடியில் வைக்க ஒரு கிராம்பு, இல்லையென்றால் வெந்தயம். அதையெல்லாம் சமாளித்தவள் தாம்பாளத்துக்குப் பயந்தாள். "தலைமைய வேற யார்கிட்டனா குடுத்துடறேன்" என்றாள் ஒருநாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடு. அவ கன்னத்துல ரெண்டு பங்கு ஏறட்டும். அவளக் கூட்டிக்கினு காஞ்சீபுரம் போறதும் நாந்தானா? எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றேன். அவள் அன்று பாத்திரம் கழுவவில்லை. உட்கார்ந்து யோசித்தாள்.

சம்பா நடவு வந்தது. ஊரிலேயே பெரிய கழனிக்காரரின் நிலம். விடிகாலையில் பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்பெல்லாம் கிடந்தன. வெயில் ஏறினால் வாடிவிடும். ஏரித் தண்ணீர் முறையும் அவருக்கு அன்று மத்தியானத்தோடு முடிகிறது. தாம்பாளம் வந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். எல்லார் கண்ணும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு துணுக்கை எடுத்துவிட்டால் முடிந்தது, இன்றைக்கு ஒன்று என்றால் நாளைக்கு உருண்டை.

அவள் வெற்றிலையை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கழனியின் வடகிழக்கே, சனி மூலையில் ஒரு நாற்று முடியை வைத்து, அதன் மேல் வெற்றிலையையும் பாக்கையும் வைத்துக் கும்பிட்டாள். பிறகு தாம்பாளத்தைக் கழனிக்காரரிடமே நீட்டினாள். "வெத்தல கயனிக்கு ஆச்சி. பொகையில வாணாங்க. எங்களுக்கு வாய்க்கு நாஷ்டா குடுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மே, புதுசா வயக்கத்த மாத்தற? நாத்து புடிக்கலன்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். நாத்து புடிக்கறது என் கையில கீது, கன்னத்துல இல்ல. வெறும் வயித்தோட வந்தவளுங்களுக்குப் பசி தெரியாம இருக்கட்டும்னு யாரோ ஆரமிச்ச வயக்கம் இது. பசிய மறைக்கறதுக்குப் பதிலா பசிக்குக் குடுங்க, இன்னும் வேகமா நடறோம்."

அவரைச் சமாளித்துவிடலாம் என்று எங்களுக்குத் தெரியும். வெயில் எங்கள் கட்சி. நான் எதிர்பார்க்காதது எங்கள் பெண்களே திரும்பியதுதான். "உன் வாயி வெந்துச்சின்னா எங்க பொகையிலய ஏன் புடுங்கற?" என்று ஒருத்தி கத்தினாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து பெரிய டாக்டரம்மா ஆயிட்டா" என்றாள் இன்னொருத்தி. நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி என்னைத் தடுத்தாள். கிழக்கே பார்த்துத் திரும்பி நின்றாள். சூரிய வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி தலையைச் சாய்த்து, இரண்டு விரலால் கன்னத்தை இழுத்து வாயை அகலத் திறந்தாள். கத்தினவளைக் கையால் கூப்பிட்டாள்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். இன்னொருத்தி பார்த்தாள். வரிசையாக வந்து பார்த்தார்கள். "சுண்ணாம்புதான்" என்று ஆரம்பித்தவளிடம் ஓரகத்தி, "பத்து வருசமா நாக்குலயுந்தான் சுண்ணாம்பு தடவிக்கினு கீறேன். நாக்கப் பாரு, எப்டி கீது" என்று நாக்கை நீட்டினாள். என் கேள்வியைத் தன் கேள்வியாக்கிக்கொண்டாள். கேட்க எனக்கு நன்றாக இருந்தது. "உங்க பொகையிலய நான் புடுங்கல. சூரியன் கீது, பக்கத்துல ஒருத்தி கீறா. ஒருத்தர் வாய ஒருத்தர் பாத்துக்கோங்க. அப்பறம் வேணும்னா போட்டுக்கோங்க."

வரப்பு மேல் பெண்கள் ஜோடி ஜோடியாக வாயைத் திறந்துகொண்டு நின்ற காட்சியை நான் மறக்கவே மாட்டேன். கழனிக்காரர், "மாட்டுச் சந்தை கணக்கா பல்லு பாத்துக்கினு கீறீங்களே, நாத்து வாடுது" என்று பேஜாராகிப் புலம்பினார். கத்தினவளின் கன்னத்திலும் ஒரு வெள்ளை இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னது நான்தான். அவள் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கடைசியில் அவர் வேறு வழியில்லாமல் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மூட்டையிலிருந்து எடுத்து வறுத்த வேர்க்கடலை, வெல்லத்தோடு வந்தது. சேறு படாத கையோடு நின்று தின்றோம். பிறகு இறங்கினோம். அந்தக் கழனியில் நாற்று பிடித்தது. பிடிக்காமல் எங்கே போகும்?

அன்றைக்கே எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், அது பொய்யாகிவிடும். சிலர் மறைத்து வைத்துப் போட்டார்கள். ஒருத்தி கடைசிவரை கேட்கவில்லை, காஞ்சிபுரத்துக்கும் வரவில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் முதலில் வருகிறது, அழுகை அப்புறம். ஆனால் தாம்பாளத்தில் புகையிலை வருவது மெல்ல நின்றது. புதிதாக நடவுக்கு வந்த பெண்கள் அடக்கப் பழகவே இல்லை. ஒவ்வொரு போகமும் முதல் நடவன்று, இறங்கும் முன், ஓரகத்தி எல்லோரையும் கிழக்கே பார்த்து நிறுத்தி, "ஆ காட்டு" என்பாள். புகையிலையே தொடாத என்னையும் விடமாட்டாள்.

காஞ்சிபுரத்துக்குச் சொன்ன தேதிக்கெல்லாம் போனோம். டாக்டர் டார்ச் அடிப்பார், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். முதலில் வலது பக்கம் தெளிந்தது. இடது பக்கம் பிடிவாதம் பிடித்தது, அவளைப் போலவே. அத்தனை நாளும் நான் இரண்டு சட்டியில் குழம்பு வைத்தேன். அவளுக்கு மிளகாய் இல்லாமல் ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. அவள் தன் சட்டியிலிருந்து எடுத்து ஊற்றிக்கொண்டு வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவாள். குறை சொல்லாத அவளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை. அடுத்த வருஷம் ஒரு தடவை போனபோது டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வெள்ளை இருந்த இடத்தில் லேசாக ஒரு தடம், அவ்வளவுதான். "வந்து காட்டறத மட்டும் நிறுத்தாதீங்க" என்றார்.

அந்த வாரம் கருவாடு கிடைத்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவளுடைய சட்டியை நான் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அவள் அதைத் தாண்டிக் கையை நீட்டி, எங்கள் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றிப் பிசைந்தாள். "அக்கா, அது காரம்" என்றேன். கேட்கவில்லை. பெரிய கவளமாக உருட்டி இடது கன்னத்தில் போட்டு மென்றாள். என் வீட்டுக்காரர் செம்பை எடுத்து வைத்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எரிகிறதோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் விழுங்கினாள், மூக்கை உறிஞ்சினாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மே இது? காரமே இல்ல."